மரக்காணத்தில் பிரெஞ்சு: வீட்டுக் குறிப்புகள்

தங்கச்சி மகள் பாப்பா மூன்றாம் வகுப்பு. காலாப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கு வேனில் போய் வருகிறாள். இந்த வருடம் அவளுக்கு இரண்டாம் மொழி பிரெஞ்சு. தங்கச்சிக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அவருக்கு உப்பளக் குத்தகை. ஆள், லாரி, கணக்கு, வானம் பார்ப்பது என்று நாள் போய்விடும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் என்பதால், "நீதான் பாத்துக்கணும் அக்கா" என்று புத்தகப் பையை என் பக்கம் தள்ளினாள். பார்த்துக்கொண்டு வருகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு அம்மா அப்பாக்களுக்குப் பயன்படட்டும் என்று அவ்வப்போது நோட்டில் குறித்ததை இங்கே தருகிறேன். வரிசை எதுவும் இல்லை.

*

"மரக்காணத்துப் பிள்ளைக்கு பிரெஞ்சு எதுக்கு?" இதைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை.

ஈசிஆரில் தெற்கே போனால் அனுமந்தை, கூனிமேடு, அடுத்து காலாப்பட்டு. காலாப்பட்டில் கால் வைத்தால் புதுச்சேரி. வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750-இல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் அதை பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குக் கொடுத்தார். பத்து வருடம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1760-இல் ஆங்கிலேயர் இடித்துப் போட்டார்கள். நம் உப்புக்குக்கூட இதில் பங்கு உண்டு. 1815-இல் லண்டனில் இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், பிரெஞ்சுப் பகுதியில் விளையும் உப்பை வாங்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. இந்தக் கரையோரம் இரண்டு ஆட்சிகளுக்கு நடுவில் வாழ்ந்த கரையோரம்.

1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுதாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காதவரை பிரெஞ்சே ஆட்சிமொழியாகத் தொடரும் என்று ஒரு ஷரத்து உண்டு. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பிரான்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா' வீடுகள் இருக்கின்றன. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் இருக்கிறது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பிரெஞ்சுப் பலகையும் பிரெஞ்சுப் புத்தகமும் பிரெஞ்சு பேசும் தமிழரும் கிடைக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம். மதுரையிலோ சேலத்திலோ இருக்கும் பிள்ளைக்கு இது வாய்க்காது. அதனால் என் பதில்: இது பக்கத்து வீட்டு மொழி, படிக்கட்டும்.

*

முதல் பாடம் காதுக்கு. பள்ளியில் எழுதச் சொல்வார்கள், எழுதட்டும். வீட்டில் கேட்பதும் சொல்வதும் முன்னால் போக வேண்டும். பிரெஞ்சில் எழுதுவதில் பாதி வாயில் வராது. எழுத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கிய பிள்ளை ஒவ்வொரு வார்த்தையின் கடைசி எழுத்தையும் உச்சரிக்கும்; அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம்.

பிள்ளைகள் திணறுவதாக எல்லாரும் சொல்வது மூக்கொலிகளை. தமிழ்ப் பிள்ளை திணற வேண்டிய தேவையே இல்லை என்பது என் அனுபவம். 'மரம்', 'பணம்' என்று எழுதுகிறோம். வீட்டில் பேசும்போது யார் கடைசியில் உதட்டை மூடி 'ம்' சொல்கிறார்கள்? 'மரோ' என்பதுபோல வாய் திறந்தே நிற்க, காற்று மூக்கு வழியே போகிறது. 'அவன் வந்தான்' என்று சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்' முழுதாக வருவதில்லை. அதற்கு முந்தைய ஆகாரமே மூக்கில் போய் முடிகிறது. பாலத்துக்கும் பிள்ளைக்கும் பிரெஞ்சுக்காரர் சொல்லும் வார்த்தைகளின் முடிவில் வருவது இதே ஒலிகள்தாம். பாப்பாவிடம் "புத்தகத்துல இருக்கிற மாதிரி சொல்லாத, வூட்ல பேசற மாதிரி 'பணம்' சொல்லு" என்றேன். சொன்னாள். "அதே வாயோட இத சொல்லு" என்றேன். உடனே வந்துவிட்டது. தெருத் தமிழ் பேசும் வாய்க்கு இது தானாக வருகிறது. செந்தமிழ் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னால்தான் கெடுகிறது.

நம்மிடம் இல்லாத ஒலி ஒன்று உண்டு. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். தெரு என்ற சொல்லில் அது வருகிறது. அங்கே வெறும் 'ஊ' போட்டால் தெரு சக்கரம் ஆகிவிடும். கண்ணாடி முன்னால் நிற்க வைத்தேன். சிரித்துச் சிரித்துப் பழகினாள். தொண்டையில் உரசும் ர-வுக்காகப் பிள்ளையை வதைக்க வேண்டாம். நம் ர-வைச் சொன்னாலும் அவர்களுக்குப் புரியும். காது பழகப் பழக அது தானே வரும்.

*

பிரெஞ்சு வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பல வீடுகளில் இதைப் பார்க்கிறேன். நோட்டில் பிரெஞ்சு வரிக்கு மேலே பென்சிலால் தமிழ். (இந்தக் குறிப்புகளில் நான் தமிழில் எழுதுவது வாசகருக்காக மட்டும்.)

மீனுக்கு 'புவாசோன்'. குடிக்கிற பானத்துக்கும் 'புவாசோன்'. தமிழில் எழுதினால் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். பிரெஞ்சில் முதலாவது 'பழம்' என்பதில் வரும் ப. இரண்டாவது 'அன்பு' என்பதில் வரும் ப. கேக்கும் பரிசும் அப்படித்தான். இரண்டையும் தமிழில் 'காதோ' என்றுதான் எழுத முடியும். கேக்குக்கு 'தங்கம்' என்பதன் க, 'பத்து' என்பதன் த. பரிசுக்கு நேர்மாறாக 'கடல்' என்பதன் க, 'பந்து' என்பதன் த.

இப்படி ஒலியைத் தமிழ் வார்த்தைக்குள் காட்டிவிட்டால் பிள்ளை பிடித்துக்கொள்கிறது. வல்லினம் சொல்லுக்கு முதலில் வந்தால் ஒரு ஒலி, மெல்லினத்துக்குப் பின் வந்தால் இன்னொரு ஒலி என்பது நம் வாய்க்கு எப்போதும் தெரியும். அதைத் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். தமிழ் தெரிந்திருப்பது இங்கே பலம். தமிழ் எழுத்தில் எழுதுவதுதான் கெடுதல். 'ழான்' என்று நாம் எழுதுகிற பெயரை நம் 'ழ'வோடு ஒரு பிரெஞ்சுக்காரரிடம் சொன்னால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

*

"உப்பு ஏன் பெரிம்மா ஆம்பள?"

கேட்கத்தான் செய்வாள். உப்பளத்துப் பிள்ளை. நமக்கு உயர்திணை, அஃறிணை. மனிதரில் ஆண், பெண், மற்றதெல்லாம் 'அது'. அவர்களுக்கு அஃறிணை என்பதே கிடையாது. உப்பு ஆண், கடல் பெண், மழை பெண், காற்று ஆண், மணல் ஆண், அலை பெண். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல முடியாது. காரணம் இருப்பதுபோலக் கதை கட்டிச் சொல்லவும் கூடாது. அடுத்த வார்த்தையிலேயே கதை உடைந்துவிடும், பிள்ளை நம்மை நம்பாது. "அவங்க அப்படித்தான் சொல்றாங்க கண்ணு, நாமும் அப்படியே சொல்லுவோம்" என்றேன். ஏற்றுக்கொண்டாள்.

செய்ய வேண்டியது ஒன்றே. எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாகக் கொடுக்காதீர்கள். 'செல்' வேண்டாம், 'லெ செல்' என்று ஒரே மூச்சில் கொடுங்கள். 'மேர்' வேண்டாம், 'லா மேர்'. முன்னால் உள்ள 'லெ', 'லா' வார்த்தையின் உறுப்பு என்று பிள்ளை நினைக்கும் அளவுக்குச் சேர்த்தே சொல்லுங்கள். சாயங்காலம் கரையோரம் நடக்கும்போது இதை ஆட்டமாக ஆடுகிறோம். நண்டு? லெ. இறால்? லா. படகு? லெ. வலை? லெ. அவளுக்கு இது வகுப்பில் தரும் பட்டியலைவிட நன்றாக ஒட்டுகிறது, ஏனென்றால் நண்டு எதிரே ஓடுகிறது.

பிடித்துக்கொள்ளச் சில கொக்கிகளும் உண்டு. படகு, கேக், பரிசு, வகுப்பில் உள்ள பலகை, எல்லாம் ஒரே எழுத்துக் கூட்டத்தோடு 'ஓ' ஒலியில் முடிகின்றன, எல்லாம் ஆண். தண்ணீரும் அதே முடிவுதான், ஆனால் பெண். விலக்கைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் விதி மறக்காது.

ஆண், பெண் மாறினால் அடைமொழியும் மாறும். சின்ன மீன் 'பெத்தி', சின்ன இறால் 'பெத்தீத்'. ஆணில் ஊமையாக இருந்த கடைசி எழுத்து பெண்ணில் வாய் திறந்து பேசும். இதைக் காதால் கேட்ட பிள்ளைக்கு எழுத்துக்கூட்டலும் தானாக வரும்: 'பெத்தி'யின் கடைசியில் ஓசையில்லாத 'த்' ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

*

பாடப் புத்தகம் பிரெஞ்சை ஆங்கிலத்தில் விளக்குகிறது. பாப்பாவின் புத்தகமும் அப்படித்தான். தமிழ்ப் பிள்ளைக்கு இது வேண்டாத சுற்றுவழி. நான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன்: வீட்டில் பிரெஞ்சைத் தமிழில் விளக்குங்கள்.

வயதைச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'நான் எட்டு' என்று கட்டுவார்கள். அதை மனதில் வைத்த பிள்ளை பிரெஞ்சிலும் 'நான் எட்டு' என்று எழுதித் தப்பு வாங்கும். பிரெஞ்சுக்காரர் சொல்வது 'என்னிடம் எட்டு வயது இருக்கிறது' என்ற கட்டு. நாம் சொல்வது 'எனக்கு எட்டு வயசு'. எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! பசி, தாகம், குளிர் எல்லாம் இதே வழி. எனக்குப் பசி, எனக்குத் தாகம், எனக்குக் குளிருது. தமிழில் 'எனக்கு' வருகிற இடம் என்று காட்டிவிட்டேன். ஒரு முறை சொன்னதோடு சரி.

நீ, நீங்க. ஆங்கிலத்தில் இல்லாத இந்தப் பிரிவு பிரெஞ்சில் அப்படியே இருக்கிறது. ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைகள் டீச்சரைப் பார்த்து 'நீ' சொல்லிவிடுகிறார்கள். நம் பிள்ளை சொல்லுமா? தாத்தாவுக்கு எது, தம்பிக்கு எது என்று கேட்டால் போதும், கை தானாகச் சரியான வார்த்தைக்குப் போகும்.

வினைமுற்றும் அப்படித்தான். போறேன், போற, போறான், போறோம், போறீங்க. யார் செய்வது என்பது வினையின் வாலில் தெரியும் மொழி நம்முடையது. பிரெஞ்சும் அந்தச் சாதி. ஆங்கிலத்தை வைத்து விளக்கினால் இத்தனை விகுதி எதற்கு என்று பிள்ளை மலைக்கும். தமிழை வைத்து விளக்கினால் மலைக்க ஒன்றும் இல்லை.

புணர்ச்சிகூட. 'அது' பக்கத்தில் 'இல்லை' வந்தால் 'அதில்லை'. உகரம் ஓடிவிடுகிறது. பிரெஞ்சில் 'லெ' பக்கத்தில் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் 'லெ'யின் உயிர் ஓடிவிடும். பறவைகள் என்று பன்மையில் சொல்லும்போது இரண்டு உயிருக்கு நடுவே 'ஸ்' போல ஓர் ஒலி எழும்பும், நாம் 'வழியெல்லாம்' என்பதில் 'ய்' எழுப்புவதைப் போல. பின்னாளில் தமிழில் புணர்ச்சி படிக்கும்போது பாப்பாவுக்கு அது புதிதாக இருக்காது. பிரெஞ்சு வழியாகத் தமிழ் இலக்கணம் தெளிவாகும் என்பதை நான் கல்லூரியில்தான் கண்டுகொண்டேன். அவள் மூன்றாம் வகுப்பிலேயே கண்டுகொள்ளட்டும்.

*

எண்கள். எழுபது என்பது அறுபதும் பத்தும். எண்பது என்பது நான்கு இருபது. தொண்ணூறு என்பது நான்கு இருபதும் பத்தும். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. பிரான்சில் இந்தக் கணக்குதான். கேட்க விநோதம்தான். ஆனால் நம் 'தொண்ணூறு' என்ற சொல்லுக்குள்ளும் நூறு உட்கார்ந்திருக்கிறது, 'தொள்ளாயிர'த்துக்குள் ஆயிரம் இருக்கிறது. லாரியில் உப்பு மூட்டை ஏற்றும்போது பாப்பா வரப்பில் நின்று பிரெஞ்சில் எண்ணுகிறாள். அறுபது வரை ஓட்டம், அதற்கு மேல் நடை.

*

பிரெஞ்சு தெரியாத அம்மா என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம். என் தங்கச்சியிடம் ஒரே ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ளச் சொன்னேன்: 'இது என்ன?' என்பதற்கான 'கெஸ்கெ சே?' சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கரண்டியைத் தூக்கிக் காட்டி, "கெஸ்கெ சே?" பிள்ளை பதில் சொல்கிறது. தெரியாவிட்டால் புத்தகத்திலோ போனில் உள்ள அகராதியிலோ தேடி, அது உச்சரித்துக் காட்டுவதைக் கேட்டு, ஓடி வந்து சொல்கிறது. அம்மா திருப்பிச் சொல்கிறாள். தப்பாகச் சொன்னால் பாப்பா திருத்துகிறாள், "அப்படி இல்லமா, உதட்ட குவி" என்று. கற்றதை இன்னொருவருக்குச் சொல்லித் தரும்போது அது எவ்வளவு உறுதியாகிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

இதற்கென்று உட்கார வேண்டாம். பல் தேய்க்கும்போது, தலை பின்னும்போது, வேனுக்குக் காத்திருக்கும்போது. ஒரு நாளும் விடாமல் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்பது பயன் தராது.

*

தங்கச்சியின் மாப்பிள்ளை ஆரம்பத்தில் இதில் சேரவில்லை. "எனக்கு என்னங்க தெரியும்" என்று நகர்ந்துவிடுவார். அவரை இழுத்து வந்தது உப்பு.

பிரான்சின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் கடலோரம் கெராந்த் என்று ஓர் ஊர். அங்கே இன்றும் கையால் உப்பு வாருகிறார்கள். கடல் தண்ணீரை வாய்க்காலில் விட்டு, ஒரு பாத்தியில் இருந்து அடுத்த பாத்திக்கு நகர்த்தி, வெயிலிலும் காற்றிலும் காய வைத்து, கடைசிச் சின்னப் பாத்தியில் நீளக் கைப்பிடி போட்ட பலகையால் இழுத்துக் கரையில் குவிக்கிறார்கள். அந்த உப்பளக்காரருக்கு 'பலூதியே' என்று பெயர். அவர்களுக்குக் கோடை மூன்று நான்கு மாதம்தான் உப்புக் காலம். நமக்குத் தை, மாசியில் தொடங்கினால் ஐப்பசி மழை வரை.

படங்களையும் ஒரு சின்ன வீடியோவையும் போனில் காட்டினேன். மாப்பிள்ளை போனை வாங்கிக்கொண்டு போய் வெளித் திண்ணையில் உட்கார்ந்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். "அவங்களும் கையாலதான் வார்றாங்களா? பலகை ரொம்ப நீளமா இருக்கே. வரப்ப களிமண்ல எவ்வளவு சுத்தமா கட்டியிருக்காங்க பாரு." அடுத்த நாள் விடியும் முன்னே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். வெயில் ஏறும் முன் வாரி முடிக்கும் வேலை. ஆட்கள் இருட்டிலேயே பாத்தியில் இறங்கியிருப்பார்கள். எந்தப் பாத்தியில் தண்ணீர் எவ்வளவு உறைப்பு ஏறியிருக்கிறது, எப்போது உப்பு பூக்கும், சீசன் தொடக்கத்தில் பாத்தியை ஏன் காலால் மிதிக்கிறோம், அன்னக்கூடையில் சுமந்து வந்து எங்கே அம்பாரம் போடுகிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இதுவரை அவர் அவளுக்கு இதைச் சொன்னதில்லை.

பள்ளியில் 'என் குடும்பம்' என்று ஐந்து வரி பிரெஞ்சில் பேசச் சொல்லியிருந்தார்கள். புத்தகத்தில் இருந்த மாதிரியில் அப்பா டாக்டர், அம்மா ஆசிரியை. பாப்பா அதை எடுக்கவில்லை. "என் அப்பா உப்பு விளைவிக்கிறார். அவர் காலையில் வேலை செய்கிறார். காற்று அடிக்கிறது. உப்பு வெள்ளையாக இருக்கிறது. நான் என் அப்பாவோடு போகிறேன்." அத்தனையும் அவள் கட்டிய வாக்கியம். ஒரே ஒரு இடத்தில் நான் 'லெ'வைச் சரி செய்தேன். மாப்பிள்ளைக்கு ஒரு வரியும் புரியவில்லை. ஆனால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று தெரிந்து எழுந்து நின்று கேட்டார்.

பாடப் புத்தகத்துப் பாரிஸை மட்டும் பேச ஒரு பிள்ளைக்கு மொழி எதற்கு? தன் ஊரை, தன் அப்பாவின் வேலையை அந்த மொழியில் சொல்லத் தெரிந்தால்தான் மொழி அவளுடையது. மாம்பழத்துக்கும் முந்திரிக்கும் இளநீருக்கும் கருவாட்டுக்கும் முதலில் வார்த்தை தேடுங்கள். தெற்கு பிரான்சில் எக்-மோர்த் உப்பளங்களில் பூநாரை வந்து நிற்கிறது; நம் கழுவேலிச் சதுப்புநிலத்துக்கும் பூநாரை வருகிறது, 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அந்தப் பறவையின் பிரெஞ்சுப் பெயர் அவளுக்கு இப்போது தண்ணீர் பட்ட பாடு.

*

படங்கள் பற்றி. ஆல்பேர் லாமொரிஸ் எடுத்த 'சிவப்பு பலூன்', 1956. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒரு பையனும் அவனை விடாமல் தொடரும் பலூனும். பேச்சு மிகக் குறைவு. அதனாலேயே நல்லது. ஓட விட்டு, நடுவில் நிறுத்தி, "இப்ப என்ன நடக்குது?" என்று கேளுங்கள். பிள்ளைதான் பேச வேண்டியிருக்கும். மிஷேல் ஒஸ்லோவின் 'கிரிகு' (1998) ஆப்பிரிக்கக் கிராமத்துக் கதை. பிரெஞ்சு என்பது வெள்ளைக்காரர் மட்டும் பேசும் மொழி இல்லை என்று பிள்ளைக்குக் காட்டும். 'ஃப்ரேர் ழாக்' போன்ற பாட்டுகள், சரி. கார்ட்டூனைப் போட்டுவிட்டு நாம் எழுந்து போய்விடுவது உதவாது.

'குட்டி இளவரசன்' பலரும் வாங்கிக் கொடுக்கும் புத்தகம். பிரெஞ்சு மூலத்தைத் தொடக்கத்திலேயே கையில் கொடுக்க வேண்டாம். அதில் கதை நடப்பது பேச்சில் வழங்காத, எழுத்துக்கு மட்டுமே உரிய ஓர் இறந்தகாலத்தில். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் செய்த தமிழ் மொழிபெயர்ப்பை க்ரியா வெளியிட்டது. அதைத் தமிழிலேயே இரவில் வாசித்துக் காட்டுகிறேன். கதை மனதில் இருந்தால், சில வருடம் கழித்து மூலத்தைத் திறக்கும்போது அவளுக்கு எதிரே ஒரு தெரிந்த முகம் இருக்கும்.

புதுச்சேரிக்குப் போகும் நாட்களில் தெருப் பலகைகளைப் படிக்க விடுங்கள். ரோமன் ரோலான், துய்மா, சுய்ஃப்ரேன். கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதில் உள்ள எழுத்தைக் கூட்டிப் படித்தால் ஒரு வரலாற்றுப் பாடமும் சேர்ந்து நடக்கும். இந்தக் கரையில் இருந்து போன தமிழர்களும் அந்தப் போரில் இறந்தார்கள்.

*

இப்போது என்னை உறுத்தும் விஷயம். பாப்பாவின் பள்ளியில் தமிழும் பிரெஞ்சும் ஒரே பீரியடில். ஒன்றை எடுத்தால் மற்றது இல்லை. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைக்குத் தமிழ் உண்டு. எல்லை தாண்டிப் போகும் பிள்ளைக்கு அந்தக் காப்பு இல்லை. சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டதோடு ஒரு மரக்காணத்துப் பிள்ளை தமிழ் எழுதத் தெரியாமல் வளரலாம்.

இதை ஏற்க முடியாது. அதனால் பிரெஞ்சுக்கு எவ்வளவு நேரமோ அதே நேரம் தமிழ் எழுத்துக்கும் என்று தங்கச்சியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். தினமும் அரைப் பக்கம் தமிழ். அவளே எழுதியது, பார்த்து எழுதுவது இல்லை. மேலே நான் சொன்ன வழியெல்லாம் தமிழ் உறுதியாக இருந்தால்தான் வேலை செய்யும். தமிழ் தளர்ந்தால் பிரெஞ்சும் தளரும்.

அந்தக் காலத்துப் புதுச்சேரியில் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை பகல் முழுக்க துய்ப்ளேக்ஸோடும் மற்ற பிரெஞ்சு அதிகாரிகளோடும் வேலை செய்தார். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியது தமிழில். இன்று பாரிஸ் லா ஷப்பெல் பக்கம் இருக்கும் ஈழத் தமிழர் வீடுகளில் நிலைமை நேர் எதிர்: வெளியே முழுக்க பிரெஞ்சு, தமிழைத்தான் வீட்டில் காப்பாற்ற வேண்டும். வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ்ச்சோலைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். வாரம் முழுக்க வேலை செய்து களைத்த பெற்றோர் அந்த ஒரு ஓய்வு நாளையும் தமிழுக்குக் கொடுக்கிறார்கள். தமிழ்க் காற்றில் இருக்கும் நாம் அரைப் பக்கம்கூட எழுத வைக்கவில்லை என்றால் அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

*

பரீட்சை. சின்னப் பிள்ளைகளுக்கு 'டெல்ஃப் பிரிம்' என்று ஒரு தேர்வு உண்டு. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கும் பார்ப்பார்கள். அலியான்ஸில் எழுதலாம். பிள்ளை தானாகப் பேசத் தொடங்கிய பிறகு எழுதினால் போதும். சான்றிதழை முன்னால் வைத்து ஓட்டாதீர்கள். பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்து, கேள்வி பதிலை அப்படியே உருப்போட்டு, இருநூறுக்குப் பக்கத்தில் வாங்கிய எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஒரு டீ கேட்கும் வாக்கியம் அவர்களிடம் இல்லை. அது அவர்கள் குற்றம் இல்லை. யாரும் அவர்களோடு பேசவே இல்லை.

*

கடைசியாகப் புதுச்சேரிப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள், பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், சொல்தா வீட்டு அம்மாக்கள், உங்களில் பலர் வீட்டில் இன்னமும் அந்த மொழி பேசுகிறீர்கள். காலாப்பட்டில் இருந்து மரக்காணம் வரை இந்தச் சாலையில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. உங்கள் தெருவில், உங்கள் கோயிலில், உங்கள் மாடிக் குடித்தனத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். இலக்கணம் வேண்டாம், பாடம் வேண்டாம். என்ன சாப்பிட்டாய், அப்பா என்ன செய்கிறார் என்று கேளுங்கள். மற்றதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.